நாகலூர் ஜிம்னி: பெரிய டயர் போட்டுத் திரும்பி வந்த வண்டி

2024 ஆகஸ்ட், மழை விட்ட ஒரு திங்கட்கிழமை. கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் இருக்கும் எங்கள் அலைன்மென்ட் கடை வாசலில் மாருதியின் நாலு சக்கர இழுவை வண்டியான ஜிம்னி ஒன்று திரும்பியது. திரும்பும்போதே முன்பக்கம் கர்ரென்று ஓர் உரசல். உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த எங்கள் பையன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பட்டன் டயருங்ண்ணா. மட்கார்டுல தேய்க்குது" என்றான்.

வண்டிக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். சேலத்தில் வீடு, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காபியும் மிளகும். ஜிம்னி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2023 ஜூனில். இவர் அந்த வருஷக் கடைசியில் வாங்கியிருக்கிறார். பொங்கல் கழிந்ததும் வெளியூர்க் கடை ஒன்றில் விட்டு டயர், ரிம், முன் பம்பர் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு முன்னால் வண்டியின் மேல் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இப்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, இது ஒரே வியாதியா, அஞ்சு வியாதியான்னு நீயே பார்த்துச் சொல்லு."

சீட்டில் இருந்தது இதுதான். மலை ஏறும்போது இழுவை இல்லை. முன்பு இரண்டாவது கியரில் எடுத்த வளைவுகளில் இப்போது முதல் கியர் கேட்கிறது. ஓமலூர் ரோட்டில் 75-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் ஆடுகிறது. முழுசாக ஒடித்தால் உரசுகிறது. மைலேஜ் 14-லிருந்து 10.8-க்கு இறங்கிவிட்டது. ஜூலை மாதம் இறக்கத்தில், மேலிருந்து நாலைந்து வளைவு தாண்டியதும், நனைந்த தாரில் பிரேக் பிடித்தபோது வண்டி நேராகப் போய்த் தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருக்கிறது. இந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தார். பின்கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் வருகிறது என்பதைச் சீட்டில் எழுதவில்லை, வாயால் சொன்னார்.

கழற்றியபோது தெரிந்தது

ஜிம்னிக்குக் கம்பெனி கொடுப்பது 195/80 ஆர் 15 டயர், 5.5 அங்குல அகல ரிம். இந்த வண்டியில் இருந்தது 235/75 ஆர் 15 எம்.டி. (மட் டெரைன், அதாவது சேற்றுக்கான பட்டன்) டயர், 7 அங்குல இரும்பு டிஸ்க் (ரிம்மைத்தான் அப்படிச் சொல்வோம்), ஆஃப்செட் மைனஸ் 15. அளவைப் பார்த்தால் பலருக்கு 195-க்கும் 235-க்கும் 40 மி.மீ. அகல வித்தியாசம்தானே என்று தோன்றும். அகலம் அதில் பாதிக் கதைதான். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் இத்தனை சதவீதம் என்பதைத்தான் நடுவில் இருக்கும் எண் சொல்கிறது. 195-ல் 80 சதவீதம் 156 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 15 அங்குல ரிம் 381. மொத்தம் 693 மி.மீ. விட்டம். 235/75-க்கு இதே கணக்கைப் போட்டால் 733 மி.மீ.க்கு மேல் வருகிறது. கிட்டத்தட்ட 5.8 சதவீதம் பெரிய சக்கரம்.

இழுவை எங்கே போனது என்பதற்கு இந்த ஒரு எண் பாதி பதில். சக்கரம் பெரிதானால் எல்லாக் கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிட்ட மாதிரிதான். தரையில் கிடைக்கும் இழுவிசை அதே விகிதத்தில் குறையும். இன்னொரு பாதி ஏற்காட்டுக்கே உரியது. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் டர்போ கிடையாது. 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு, எஞ்சின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். புத்தகத்தில் போட்டிருக்கும் 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை மேலே போகும்போது 115 ஆகியிருக்கும்; பெரிய சக்கரம் அதிலும் ஒரு பங்கைத் தின்றால் 109-தான் மிச்சம். டர்போ டீசல் வண்டிக்காரர் ஒருவர் "நான் இதைவிடப் பெரிசு போட்டிருக்கேன், ஒண்ணும் தெரியல" என்று சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. அவர் வண்டி வேறு.

அப்புறம் தராசு. எங்கள் கடையில் பழைய பிளாட்ஃபாரம் தராசு ஒன்று இருக்கிறது, ஸ்கிராப் எடை போட வாங்கியது. அவருடைய டயரும் டிஸ்க்கும் சேர்ந்து 29 கிலோ. பழைய அலாய் ரிம் எங்கே என்று கேட்டேன். தோட்டத்து ஷெட்டில் மிளகு மூட்டைக்கு அடியில் கிடக்கிறது என்றார். மறுநாள் டயரோடு கொண்டுவரச் சொல்லி எடை போட்டோம்: 17.5 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 11.5 கிலோ அதிகம். ஸ்டெப்னி சேர்த்து ஐந்து சக்கரத்துக்கு 57 கிலோவுக்கு மேல். பின்கதவுச் சத்தத்துக்குக் காரணமும் இதுதான். ஸ்டெப்னி தொங்குவது அந்தக் கதவில், கதவு நிற்பது இரண்டு கீலில். மேல் கீல் லேசாக இறங்கி, பூட்டு நாக்கு கொண்டியின் கீழ் விளிம்பில் உரசிப் பெயின்ட் போயிருந்தது.

உரசலுக்குக் காரணம் டயரின் உயரம் என்று அவர் நினைத்திருந்தார். உயரத்தைவிட ஆஃப்செட்டின் பங்குதான் அதிகம். ரிம், சக்கரம் மாட்டும் ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். கம்பெனி ரிம்முக்குப் பிளஸ் 5. இவருடையது மைனஸ் 15, அதோடு அகலமும் கூட. கணக்குப் போட்டால் ரிம்மின் வெளி விளிம்பு பழைய இடத்திலிருந்து 39 மி.மீ. வெளியே வந்திருக்கிறது. நேராகப் போகும்போது அது அழகு. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் ஒரு பெரிய வட்டத்தில் வீசிக்கொண்டு போய் மட்கார்டின் பின்மூலையிலும் பம்பரின் முனையிலும் இடிக்கிறது. மாற்றிக்கொடுத்த கடையில் பிளாஸ்டிக் லைனரைச் சூட்டுக்கத்தியால் வெட்டி ஒதுக்கியிருந்தார்கள், அப்படியும் போதவில்லை. உரசலை விடுங்கள், வெளியே தள்ளிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் வீல் பேரிங்குக்கும், முன் சக்கரம் திரும்பும் ஆணியான கிங்பின்னுக்கும் ஒரு நெம்புகோல். குழியில் ஒரு சக்கரம் விழுந்தால் அந்த அடி ஸ்டியரிங்கில் கைக்கு வருவதும் இதனால்தான்.

ஆட்டத்துக்குத்தான் அதிக நேரம் ஆனது. முன் இடது டிஸ்க்கைக் கழற்றி நடு ஓட்டையை அளந்தேன்: 110 மி.மீ. ஜிம்னி ஹப்பின் விட்டம் 108. நட்டுக்கான ஐந்து ஓட்டைகளும் 139.7 மி.மீ. வட்டத்தில் சரியாக இருந்ததால் மாட்ட முடிந்திருக்கிறது. பழைய ஜிப்ஸிக்கும் அதே வட்டம்தான் என்பதால் சந்தையில் இந்த அளவு டிஸ்க்குக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் நடுவில் 2 மி.மீ. இடைவெளி. ஹப் தாங்க வேண்டிய வேலையை நட்டு மட்டும் செய்துகொண்டிருந்தது. கூம்பு நட்டு ஒழுங்காக, குறுக்கு வரிசையில், சக்கரம் தொங்கும்போதே கையால் இறுக்கினால் சமாளித்துவிடும். வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு ஏர் கன்னால் டர்ரென்று ஒவ்வொன்றாக அடித்தால் டிஸ்க் ஒரு பக்கமாக ஏறி உட்காரும். அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் நட்டு உட்காரும் ஐந்து இடத்தில் மூன்றில் மட்டும் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது, மற்ற இரண்டில் பெயின்ட் அப்படியே. பேலன்ஸ் மெஷினில் போட்டால் 140 கிராம் கேட்டது. ஏற்கனவே உள்பக்கம் ஒட்டு வெயிட் ரயில்பெட்டி மாதிரி வரிசையாக ஒட்டியிருந்தார்கள்.

முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு அச்சு வைத்த வண்டிகளில் இந்த மாதிரிச் சின்ன ஏற்றத்தாழ்வு ஸ்டியரிங் ஆட்டமாக வளர்ந்துவிடும். கிங்பின் பேரிங், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேனார்டு ராடின் புஷ், டை ராட் முனை, இதில் எது கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போதும். பலர் உடனே ஸ்டியரிங் டேம்பரை மாற்றிவிட்டுக் கிளம்புவார்கள். டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், காரணத்தைத் தொடாது. நாங்கள் பழைய அலாய் நான்கையும் மாட்டி ஓமலூர் ரோட்டில் ஓட்டினோம். 75-ல் இருந்த ஆட்டம் போயிற்று. 90-க்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய நடுக்கம் மிச்சம் இருந்தது. இடது கிங்பின்னின் இறுக்கம் குறைந்திருந்தது, ஷிம் என்னும் மெல்லிய தகடு ஒன்றை எடுத்ததும் அதுவும் அடங்கியது. ஏழு மாத வண்டியில் கிங்பின் தளர்வதா என்று வண்டிக்கார அண்ணன் கேட்டார். 39 மி.மீ. நெம்புகோலைக் காட்டினேன்.

மைலேஜில் ஒரு சின்னத் திருத்தம். சக்கரம் 5.8 சதவீதம் பெரிது என்றால் மீட்டர் அந்த அளவுக்குக் குறைவாகக் காட்டும். அவர் சொன்ன 10.8 உண்மையில் 11.4. பெரிய டயர் போட்டவர்கள் மைலேஜைப் பற்றிப் புலம்பும்போது இந்தத் திருத்தத்தைப் போட மறந்துவிடுகிறார்கள். போட்டாலும் லிட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் போனது போனதுதான்.

பம்பர்

இரும்பு பம்பரைக் கழற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. தராசில் 46 கிலோ. கம்பெனி பிளாஸ்டிக் பம்பர் 6 கிலோ. வித்தியாசம் 40. ஆனால் முன் அச்சில் ஏறுவது 40 அல்ல. பம்பர் அச்சுக்கு முன்னால் ஏறக்குறைய 60 செ.மீ. தள்ளித் தொங்குகிறது, வண்டியின் அச்சிடை 259 செ.மீ. சீசா பலகைக் கணக்குத்தான்: முன் அச்சில் 49 கிலோ கூடும், பின் அச்சில் 9 கிலோ குறையும். நனைந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஏற்கனவே எடை முன்னால் சாய்கிறது. அதன் மேல் இது. முன் ஸ்பிரிங் உட்கார்ந்து ஹெட்லைட் வெளிச்சம் கிட்டத்தில் விழுகிறது என்பதை அவர் மூடுபனி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எதற்காக இதைப் போட்டீர்கள் என்று கேட்டேன். காட்டெருமை வரும் என்றார். பிறகு சிரித்துவிட்டு, "பார்க்க நல்லாருந்துச்சு தம்பி" என்றார். இந்தப் பதிலை நான் மதிக்கிறேன். அணுகு கோணத்துக்காக, அதாவது முன்பக்கம் இடிக்காமல் செங்குத்தான மேட்டில் ஏற, போட்டேன் என்று சொல்பவர்களைவிட இவர் நேர்மையானவர். ஏனென்றால் அந்தக் கோணத்தையும் அளந்தோம். ஜிம்னிக்குக் கம்பெனி சொல்லும் அணுகு கோணம் 36 டிகிரி. இந்தப் பம்பர் 9 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டு, கீழே ஒரு தகடும் வைத்திருந்ததால், டயர் வண்டியை 20 மி.மீ. தூக்கியும் கோணம் 33-தான் வந்தது.

இது வெறும் அளவுப் பிரச்சினை மட்டும் அல்ல. கம்பெனி பம்பருக்குப் பின்னால் இருக்கும் பாகங்கள் மோதலில் நசுங்குவதற்காகவே வைத்தவை. அது நசுங்கும் வேகத்தை வைத்துத்தான் ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று சென்சார் முடிவு எடுக்கிறது. சேஸிஸில் நேராக போல்ட் போட்ட இரும்புச் சட்டம் அந்த அவகாசத்தை எடுத்துவிடுகிறது. ஏர்பேக் முந்தலாம், பிந்தலாம், வராமலும் போகலாம். எதிரில் வரும் டூ வீலர்காரருக்கு என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. இப்படி முன்னால் மாட்டும் புல் பார், கிராஷ் கார்டு வகைகளின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "எல்லாரும்தான் போட்டிருக்காங்க" என்றார் அண்ணன். போட்டிருக்கிறார்கள். விபத்து நடந்து காப்பீட்டு சர்வேயர் வந்து நிற்கும் அன்று அந்த எல்லாரும் வர மாட்டார்கள்.

பம்பர் விஷயத்தில் பேரம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஒரிஜினல் பம்பர் திரும்பப் போனது. மாட்டிக்கொண்டால் இழுக்க வண்டியோடு வந்த இழுகொக்கி சேஸிஸில் இருக்கிறது, அது போதும். பம்பரில் வெல்டிங் வைத்து ஒட்டிய வளையத்தில் கயிற்றைக் கட்டி இழுத்து, வளையம் கையோடு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, நடுவில் ஆள் இல்லை.

டயரை எப்படி முடிவு செய்தோம்

இங்கேதான் வாக்குவாதம். பம்பரை விட்டுக்கொடுத்தவர் பட்டன் டயரை விடுவதாக இல்லை. "தோட்டத்துச் சேத்துல உன் ரோட்டு டயர் நின்னுடும்" என்றார். நியாயமான பயம்தான். வாதம் செய்வதை விட்டுவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேலே போய்ப் பார்ப்போம் என்று சொன்னேன்.

முதலில் தூரத்தைக் கணக்குப் போட்டோம். வீட்டிலிருந்து தோட்டம் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 40 கி.மீ. அதில் தாரை விட்டு இறங்கிக் களம் வரைக்கும் மண் பாதை 1.8 கி.மீ. வாரத்துக்கு மூன்று நடை. அப்படியென்றால் 240 கிலோமீட்டரில் சேறு 11-க்கும் குறைவு. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மிச்சம் தொண்ணூற்றைந்தில்தான் அந்த இருபது கொண்டை ஊசி வளைவும் வருகிறது, மழையும் வருகிறது.

எம்.டி. டயர் நனைந்த தாரில் ஏன் வழுக்குகிறது என்பதை நகத்தால் காட்டலாம். பட்டனுக்குப் பட்டன் விரல் நுழையும் அகலத்துக்கு இடைவெளி. சேற்றைத் துப்புவதற்கு அது அருமை. ஆனால் தாரில் தொடும் ரப்பரின் பங்கு குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு பட்டனின் முகத்திலும் மெல்லிய கீறல்கள் இருந்தால்தான் தண்ணீர்ப் படலத்தை வெட்டிவிட்டு ரப்பர் தாரைப் பிடிக்கும், எம்.டி.யில் அது ஒன்றோ இரண்டோதான். சில்வர் ஓக் இலை நனைந்து ஒட்டிக் கிடக்கும் வளைவில் என்ன ஆகும் என்று அண்ணனுக்கு ஜூலையிலேயே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று செட் டயர் எடுத்துக்கொண்டு போனோம். அவருடைய எம்.டி., கம்பெனி ரோட்டு டயர், நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கிய 215/75 ஆர் 15 ஏ.டி. (ஆல் டெரைன், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது). தோட்டத்துப் பாதையில் மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஒரு ஏற்றம் இருக்கிறது. முந்தின இரவு மழை. மேலே நாலு விரல் செஞ்சேறு, அதற்குக் கீழே பாசி பிடித்த கல். சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட், கெட்டிக் கருங்கல் ஜாதி; சேற்றுக்கு அடியில் எங்கேயாவது அது தட்டுப்படும். கணுக்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு ஒரே ஏற்றத்தில் மூன்று டயரையும் மாற்றி மாற்றி மாட்டுவது என்ன வேலை என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்றாவது செட் மாட்டும்போது பையன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான்.

எல்லாம் 26 பி.எஸ்.ஐ. காற்றில், 4 எல் (நாலு சக்கர இழுவையின் மெதுவான கியர்) போட்டு. எம்.டி. ஏறியது, கொஞ்சம் பக்கவாட்டில் நடனமாடிக்கொண்டு. ஏ.டி. முக்கால் ஏற்றத்தில் நின்று சுழன்றது. ரோட்டு டயர் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அப்புறம் காற்றை 18-க்கு இறக்கினோம். ஏ.டி. ஏறியது. நிற்காமல், நடனமும் இல்லாமல். ரோட்டு டயர் முக்கால் வரை வந்தது. மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றினோம், இரண்டாவது தடவையும் அதே. அண்ணன் கீழே குனிந்து டயர் பிதுங்கி நிற்பதைத் தொட்டுப் பார்த்தார். "காத்துலயா இருக்கு விஷயம்?" என்றார்.

பெரும்பகுதி காற்றில்தான். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 1.83 கிலோ. டயர் தரையில் படும் பரப்பு ஏறக்குறைய 164 சதுர சென்டிமீட்டர். 18-க்கு இறக்கினால் அதே எடைக்கு 237. டயரை அகலமாக்கினால் இந்தப் பரப்பு பெரிதாகக் கூடுவதில்லை. அதே காற்றில் அதே எடை, அதே பரப்புதான், வடிவம் மட்டும் குட்டையாகவும் அகலமாகவும் மாறுகிறது. காற்றை இறக்கும்போதோ பரப்பு நீளவாக்கில் நீண்டு, கல்லின் மேடு பள்ளத்தில் ரப்பர் மடிந்து பிடிக்கிறது. அதோடு இந்த மண்ணுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. சேறு ஆழமில்லை, அடியில் கல். குறுகலான டயர் சேற்றை வெட்டிக் கீழே போய்க் கல்லைப் பிடித்துவிடும். அகல டயர் மேலேயே மிதக்கும். நஞ்சை வயலிலோ கடற்கரை மணலிலோ இது நேர்மாறாகப் போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காற்றை இறக்கினால் தாருக்கு வருமுன் ஏற்றியே ஆக வேண்டும். 18-ல் இருபது வளைவு இறங்கினால் பக்கச்சுவர் நெளிந்து வண்டி தொட்டில் மாதிரி ஆடும், சூடேறும், மோசமான வளைவில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டே கழன்றுவிடும். இருக்கைக்கு அடியில் 12 வோல்ட் பம்பு ஒன்று, ஒரு நல்ல கேஜ், இரண்டும் இல்லாதவர் காற்றைத் தொடக் கூடாது. இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன்: ஜிம்னி மாதிரிப் பகுதிநேர நாலு சக்கர இழுவை வண்டியில் காய்ந்த மலைப்பாதையில் 4 ஹெச் (அதே இழுவையின் வேக கியர்) போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். முன் அச்சும் பின் அச்சும் வளைவில் வேறு வேறு தூரம் ஓடும், நடுவில் அதைத் தளர்த்திவிட ஒன்றும் இல்லை, இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். "பிடிமானத்துக்கு" என்று சொல்லி ஏறுபவர்களைச் சனி, ஞாயிறுகளில் அடிவாரத்திலேயே பார்க்கலாம்.

முடிவு 215/75 ஆர் 15 ஏ.டி. விட்டம் 703.5 மி.மீ., ஒரிஜினலைவிட ஒன்றரை சதவீதம் மட்டும் அதிகம். எங்கள் கடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் நாங்கள் போவதில்லை. கம்பெனி அலாயின் 5.5 அங்குல அகலம் இந்த அளவுக்கு அனுமதித்த வரம்பில்தான் இருக்கிறது. 235/75-க்கோ குறைந்தது 6 அங்குலம் வேண்டும், அதனால் பழைய ரிம்மில் அதை ஏற்ற வழியே இல்லை. ரிம் மாற்ற வேண்டாம் என்றதும் ஆஃப்செட், நடு ஓட்டை, நட்டு இருக்கை எல்லாத் தலைவலியும் ஒன்றாகத் தீர்ந்தது. அடிப்பக்க உயரம் கூடியது 5 மி.மீ. மட்டுமே, அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. முழு அச்சு வண்டியில் அச்சில் தொங்கும் டிஃப்பரன்ஷியல் குண்டை உயர்த்த டயர் விட்டத்தைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த லாபத்தைத் தெரிந்தேதான் விட்டுக்கொடுத்தோம்.

அதே அளவில் இரண்டு வகை கிடைத்தன, லாரி ரக எல்.டி. ஒன்று, சாதாரண ரகம் ஒன்று. எல்.டி.யின் பக்கச்சுவர் தடிமன், கல்லில் கிழியாது. ஆனால் எடை அதிகம், 1,200 கிலோ வண்டிக்குக் கட்டை மாதிரி இருக்கும், காற்றை இறக்கினாலும் லேசில் மடியாது. சாதாரண ரகத்தையே எடுத்தோம். பக்கச்சுவரில் எடைக் குறியீடு 100, அதாவது ஒரு டயருக்கு 800 கிலோ. கம்பெனி டயரில் 96, அது 710 கிலோ. குறியீடு கீழே போகாமல் பார்த்துக்கொள்வது முதல் கடமை. கடைக்கு வந்த ஐந்தில் ஒன்றின் பக்கச்சுவரில் 4121 என்று இருந்தது. 2021-ன் 41-வது வாரம். மற்ற நான்கும் 2024. அதைத் திருப்பி அனுப்பி வேறு வரவழைத்தோம், அதற்கு நான்கு நாள். ஐந்தாவதும் அதே அளவு, அதே டயர்தான் வேண்டும். நாலு சக்கர இழுவை வண்டியில் ஸ்டெப்னி வேறு அளவில் இருந்தால் பஞ்சர் அன்று 4 எல் போட முடியாது.

மாட்டும்போது நட்டைக் கையால் பிடித்து, குறுக்கு வரிசையில், டார்க் ரெஞ்சில் 100 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பி வந்து ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். வந்தார். டயர் அளவு மாறியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வைத்தோம். செலவு, முதல் மாற்றத்துக்கு ஆனதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை. அண்ணன் அதைக் கேட்டு மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. முதல் பணம் போனது போனதுதானே.

அதற்குப் பிறகு

2025 பிப்ரவரியில் டயர் சுழற்சிக்கு வந்தபோது ஏறக்குறைய 7,000 கி.மீ. ஓடியிருந்தது. தேய்மானம் நான்கிலும் ஒரே சீர். மைலேஜ் மீட்டரில் 13.2, திருத்தினால் 13.4. வளைவுகள் மறுபடி இரண்டாவது கியருக்கு வந்துவிட்டன, ஆள் நிறைய இருந்தால் மட்டும் மேல் வளைவுகளில் ஒன்று. உரசல் இல்லை, ஆட்டம் இல்லை. பின்கதவுக் கீலை மாற்றத் தேவைப்படவில்லை, சரிசெய்ததே போதுமானதாக இருந்தது. வலது பின் டயரின் பக்கச்சுவரில் ஒரு வெட்டு. கல்லில் கிழித்தது, நூல் தெரியவில்லை. எல்.டி. எடுத்திருந்தால் அது விழுந்திருக்காது.

ஒரு தடவை மாட்டிக்கொண்டும் இருக்கிறார். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அந்தச் சமயம் அவர் மேலே தோட்டத்தில். காபி பழுத்து நிற்கும் நேரம், ஆளையும் மூட்டையையும் களத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஏற்றம் அன்றைக்கு நாலு விரல் சேறாக இல்லை, முழங்கால் ஆழத்துக்கு மண் அரித்து இறங்கியிருக்கிறது. 18 பி.எஸ்.ஐ.யும் உதவவில்லை, 15-ம் உதவவில்லை. டிராக்டர் வந்து இழுகொக்கியில் கயிறு போட்டு எடுத்தது. "அன்னைக்கு பட்டன் டயர் இருந்தா ஏறியிருக்கும்" என்றார். ஏறியிருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன், சொல்லியும்விட்டேன்.

இழுத்துவிட்ட டிராக்டர்காரர் வயசானவர், முன்பு எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். அவர் சொல்லித்தான் அண்ணன் பின் டயருக்கு ஒரு ஜோடி சங்கிலி வாங்கியிருக்கிறார். மாட்டிப் பார்க்க எங்கள் கடைக்கே கொண்டுவந்தார். 215 டயருக்கும் உள் மட்கார்டுக்கும் நடுவில் சங்கிலி சுற்றியும் ஒரு விரல் இடம் மிஞ்சியது. வண்டியை அங்குலம் அங்குலமாக முன்னும் பின்னும் நகர்த்தி எங்கும் தட்டவில்லை என்று பார்த்துக்கொண்டோம். சங்கிலி இப்போது பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு உரச் சாக்கில் கிடக்கிறது. இரும்பு பம்பரை விற்க அவருக்கு மனசு வரவில்லை. களத்து ஷெட் ஓரம் சாய்த்து வைத்திருக்கிறார், சாயங்காலமானால் கோழி ஏறி உட்காருகிறது.